கண்ணாடி விரியன் என்று நான்தான் சொன்னேன்

எங்கள் ஜீப்பில் யாருக்கு அடிபட்டாலும் ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். எனக்கு வைத்தியம் தெரியும் என்பதற்காக இல்லை. எனக்குப் பொய் சொல்லத் தெரியும்.

ஏதோ பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அப்போது பெருமையாகத்தான் இருந்தது, அதை மறைப்பானேன். பொன்னாத்தாள் தோட்டத்துக் கத்தியில் கையை வெட்டிக்கொண்டு வந்தபோது, டாக்டர் கேட்ட முதல் கேள்விக்கே "அது வந்து சார்" என்று இழுத்தாள். நான் குறுக்கே புகுந்து, "பூசணிக்கா அரிஞ்சா சார், அருவாமனை சரிஞ்சிருச்சு. மாமியாரு பக்கத்துல உக்காந்து பேசிக்கிட்டே இருந்தாக, கவனம் தப்பிருச்சு" என்றேன். கதையில் மாமியார் வந்ததும் டாக்டர் சிரித்துவிட்டார். மறுபேச்சு இல்லாமல் தையல் போட்டார். பொய் என்றால் அதில் ஒரு பூசணிக்காய் வேண்டும், ஒரு மாமியார் வேண்டும். மொட்டையாகச் சொன்னால் எவன் நம்புவான்?

சுருளிப்பட்டியிலிருந்து விடியக் காலையில் ஜீப் கிளம்பும். பதினெட்டுப் பொம்பளைகள். கம்பம்மெட்டு ஏறிக் கேரளாவுக்குள் போய் ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்துவிட்டுப் பொழுது சாய இறங்குவோம். தோட்டத்துப் பதிவில் எங்களில் ஒருத்தி பெயரும் கிடையாது. "ஈஸ்வரபாண்டி ஜீப்பு, பதினெட்டு ஆளு" என்று ஒரே வரி. ஈஸ்வரபாண்டிதான் ஜீப்புக்கு டிரைவர், எங்களுக்கு வேலை பிடித்துக் கொடுப்பவரும் அவர்தான். அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார். மேலே பட்ட அடியைக் கீழே பட்டதாகச் சொல்ல வேண்டும். மலையில் விழுந்தால் வீட்டுக் குளியலறையில் விழுந்தது. மலையில் வெட்டினால் வீட்டு அருவாமனை வெட்டியது.

அந்தச் சட்டத்தை மீறியவள் ஒருத்திதான், ஜக்கம்மா. இரண்டு வருடத்துக்கு முன்னால் காய்ந்த கிளை ஒன்று முறிந்து அவள் தோளில் விழுந்தது. அங்கேயே கேரளத்து ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். கேட்டார்கள், உள்ளதைச் சொல்லிவிட்டாள். நாலாம் நாள் தோட்டத்துப் பதிவைப் பார்க்க அதிகாரிகள் வந்தார்கள். ஐந்தாம் நாள் "இனி நிங்கள் வரண்டா", வரவே வேண்டாம் என்று மேனேஜர் ஜீப்பையே நிறுத்திவிட்டார். மூன்று மாதம் பதினெட்டு வீடும் முழித்துக்கொண்டு கிடந்தது. அந்த மூன்று மாதமும் தெருவில் ஜக்கம்மாவைப் பார்க்கும்போதெல்லாம் நான் காறித் துப்பினேன். கை தூக்க முடியாமல் நடந்து போனவளைப் பார்த்துத் துப்பினேன்.

சரி, நடந்ததைச் சொல்கிறேன்.

கார்த்திகை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. ராத்திரி பெய்த மழையில் தரையெல்லாம் சொதசொதவென்று கிடந்தது. ஏலச்செடி தலைக்கு மேலே வளர்ந்தாலும் காய் பிடிப்பது அடியில்தான். காய்ச்சரம் தரையோடு தரையாகப் படர்ந்து கிடக்கும். குனிந்து, சருகைக் கையால் ஒதுக்கித்தான் பறிக்க வேண்டும். கையுறை போட்டுக்கொண்டால் விரல் ஓடாது, சூப்பர்வைசர் கத்துவார். அதனால் யாரும் போடுவதில்லை.

எனக்கு அடுத்த செடியில் சண்முகத்தாய் இருந்தாள். என் அண்ணன் பெண்டாட்டி. அண்ணன் போய் நாலு வருடம் ஆகிறது. அவர் இருந்தபோது நாங்கள் இருவரும் சண்டைக்கோழிகள், அவர் போன பிறகு ஒரு நாள்கூட என்னை விட்டு அவள் தனியாகச் சாப்பிட்டதில்லை. பத்து மணி இருக்கும். "ராசாத்தி, என்னமோ குத்திருச்சுடி" என்று கையை உதறினாள்.

நான் பார்த்தேன். என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். ஒன்றரைச் சாண் நீளம் இருக்கும். காய்ந்த இலையின் நிறம். மூக்கு நுனி மட்டும் மேலே தூக்கிக்கொண்டிருந்தது. நான் கம்பு எடுப்பதற்குள் சருகுக்குள் போய்விட்டது. மதினியின் வலது மணிக்கட்டுக்கு மேலே இரண்டு புள்ளி.

பொன்னாத்தாள் ஓடிப்போய் மிளகுக் கொடியில் நாலு மணி உருவி வந்து மதினி வாயில் போட்டாள். "காரம் தெரியுதா மதினி?" என்று கேட்டேன். தெரிகிறது என்றாள். காரம் தெரிந்தால் விஷமில்லை என்று எங்களுக்குள் ஒரு கணக்கு. சூப்பர்வைசரும் வந்து பார்த்துவிட்டு, "பேடிக்கண்டா, ஒந்நும் இல்லா, கீழ கொண்டு போ" என்று பயம் வேண்டாம் என்பது போலச் சொன்னார். அதற்குள் கை முழங்கை வரைக்கும் வீங்கிவிட்டது.

தோட்டத்திலிருந்து கால் மணி நேரத்தில் ஓர் ஆஸ்பத்திரி இருக்கிறது. பாம்புக்கடி பார்த்துப் பழகிய இடம். அந்த முக்கு வந்ததும் ஈஸ்வரபாண்டி ஜீப்பை மெதுவாக்கினார். கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"என்ன ராசாத்தி, இங்கனயே காட்டிருவமா?"

இதை நான் யார் மீதும் போட முடியாது. அவர் கேட்டார். நான்தான் சொன்னேன்.

"இங்கன காட்டுனா எங்கன வேலை பாத்தேன்னு கேப்பாகண்ணே. மறுபடி ஜக்கம்மா கதைதான். கீழ போயிருவோம், வண்டிய விடுங்க."

மதினியும், "ஆமாண்ணே, கீழயே போவோம்" என்றாள். அவர் விட்டார்.

இறக்கம் முழுக்க மதினியின் தலை என் மடியில் கிடந்தது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அவள் பல்லைக் கடித்தாள். நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? கதை கட்டிக்கொண்டிருந்தேன். "மதினி, நல்லாக் கேட்டுக்க. நீ வீட்டுக்குப் பின்னால வெறகு எடுக்கப் போன. அடுக்குக்குள்ள இருந்துச்சு. வேலைக்கே போகல நீ இன்னைக்கு, தலைவலின்னு படுத்திருந்த." அவளும் முக்கி முனகிக்கொண்டே திருப்பிச் சொன்னாள். இரண்டாம் முறை பிசகாமல் சொன்னாள். கெட்டிக்காரி என்று முதுகில் தட்டினேன்.

கீழே கம்பம் ஊர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு. அவளுடைய மகள் ஓவியா காலேஜிலிருந்து ஓடி வந்தாள். பதினெட்டு வயசுப் பிள்ளை, அழுது முகம் வீங்கிப்போய் வந்து நின்றது. அதைக் கட்டிப்பிடித்து அழுதிருக்க வேண்டியவள் நான். சுவரோரமாக இழுத்துப் போய், "யாரு கேட்டாலும் வீட்டுல கடிச்சதுன்னு சொல்லு, அம்மா வேலைக்குப் போகலைன்னு சொல்லு" என்று சொல்லிக்கொடுத்தேன். "ஏன் அத்தை?" என்றாள். "ஜீப்பு நின்னா நீ காலேஜு போறதெப்படி?" என்றேன். தலையை ஆட்டினாள்.

டாக்டர் சின்னப் பொண்ணு. ஊருக்குப் புதுசு போல. பக்கத்தில் வந்து பொறுமையாகக் கேட்டாள்.

"எங்க வச்சும்மா கடிச்சது?"

"வீட்டுல டாக்டர். பின்னால வெறகு அடுக்குல."

"பாம்பை யாராவது பாத்தீங்களா?"

அங்கேதான் என் புத்தி கோணிக்கொண்டது. பார்த்த பாம்பைச் சொன்னால் மலைக்குப் போனது தெரிந்துவிடும், சரி, பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு சொல் போதும். ஆனால் பார்க்கவில்லை என்று சொல்வது மொட்டைப் பொய். நான் அப்படிப் பொய் சொல்கிறவள் இல்லையே, பெரிய கைகாரி ஆயிற்றே. சுவரில் நாலு பாம்புப் படம் ஒட்டியிருந்தது. உடம்பெல்லாம் வட்டம் வட்டமாக இருந்த பெரிய பாம்பின் மேல் விரலை வைத்தேன்.

"இதேதான் டாக்டர். ரெண்டு முழம் இருக்கும். குக்கர் விசில் அடிச்ச மாதிரி சீறுச்சு. நான் கத்துன கத்துல பக்கத்து வீட்டுக்காரரு கம்போட வந்துட்டாரு, அதுக்குள்ள ஓடைப்பக்கம் போயிருச்சு."

"கண்ணாடி விரியன்" என்று எழுதிக்கொண்டாள். அப்பாடா என்று இருந்தது எனக்கு.

மருந்து ஏற்றினார்கள். பத்துக் குப்பி. மதினியின் ரத்தத்தைக் கொஞ்சம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி மேசை மேல் வைத்தாள் டாக்டர். இருபது நிமிடத்தில் ரத்தம் உறைய வேண்டுமாம். இருபது நிமிடம் கழித்துக் குழாயைச் சாய்த்தாள். தண்ணீராக ஓடியது. சாயங்காலமும் அப்படியே. இன்னும் பத்துக் குப்பி ஏற்றினார்கள். அதற்கு மதினிக்கு உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக வந்து, மூச்சு இழுத்து, அதற்கு வேறு ஊசி. புதன்கிழமை காலையில் குழாயைச் சாய்த்தபோதும் ரத்தம் ஓடியது. வீக்கம் தோள் வரைக்கும் வந்துவிட்டது. பல் ஈறில் ரத்தம் கசிந்தது. ராத்திரி முழுக்க ஒன்றுக்குப் போகவில்லை.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். தூங்காத கண்.

"அம்மா, பாம்பை நல்லாப் பாத்தீங்களா? இவ்வளவு மருந்துக்குக் கேட்டிருக்கணும். எனக்கு ஒண்ணும் புரியல."

வாசலில் ஈஸ்வரபாண்டி நின்றிருந்தார். மீதிப் பதினாறு பேரை மேலே இறக்கிவிட்டு, வேலைக்கு நடுவில் கீழே வந்திருந்தார். மோசமான ஆள் இல்லை அவர். கையில் இளநீர் வைத்திருந்தார். என்னைப் பார்த்தார். எதற்கு என்று எனக்குத் தெரியும்.

"பாத்தேன் டாக்டர். கண்ணாடி விரியன்தான்" என்றேன்.

என் வாயில் மண்ணள்ளிப் போட. அந்த நிமிடம்கூட எனக்குத் தெரியாது டாக்டர் ஏன் கேட்கிறாள் என்று. பாம்பு என்றால் பாம்பு, விஷம் என்றால் விஷம், அதற்கு ஒரு மருந்து என்றுதான் நினைத்திருந்தேன். வெட்டுக்காயத்துக்கு எந்தக் கத்தி என்றா பார்க்கிறார்கள்? மலையில் வெட்டினாலும் வீட்டில் வெட்டினாலும் ஒரே தையல்தானே. எட்டு வருடமாக என் பொய்யால் ஒருத்திக்கும் ஒன்றும் ஆகவில்லை.

பகல் பதினொரு மணிக்கு மதினி வாந்தி எடுத்தாள். ரத்தம். துடைத்துவிட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "குறுக்கு வலிக்குதுடி, ரெண்டு பக்கமும் பிச்சுக்கிட்டுப் போகுது" என்றாள். ஓடினேன். ஈஸ்வரபாண்டியைத் தாண்டி, நர்ஸ் கூப்பிடக் கூப்பிட, டாக்டர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

"பொய் சொன்னேன் டாக்டர். வீட்டுல கடிக்கல. மேல ஏலத்தோட்டத்துல கடிச்சது. அது கண்ணாடி விரியன் இல்ல. ஒன்றரைச் சாண்தான், சருகு நெறம், மூக்கத் தூக்கிக்கிட்டு இருந்துச்சு. காலுல விழுறேன், அவளக் காப்பாத்துங்க."

விழவும் செய்தேன். டாக்டர் என்னைத் தூக்கவில்லை.

"அது குழிவிரியன்மா. மலையில இருக்கிறது. நம்மகிட்ட இருக்கிற மருந்து அந்தச் சுவர்ல இருக்கிற நாலு பாம்புக்குத்தான். இதுக்குக் கேக்காது. அது கிட்னியக் கெடுக்கும். நேத்தே சொல்லியிருந்தா இவ்வளவு குப்பியும் ஏத்தியிருக்க மாட்டேன், நேத்தே கிட்னி மெஷின் இருக்கிற எடத்துக்கு அனுப்பியிருப்பேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் திட்டவில்லை. எழுந்து மதினியிடம் போனாள், நானும் பின்னால் போனேன்.

"சண்முகத்தாயம்மா, உண்மையச் சொல்லுங்க. எங்க வேலை பாக்கும்போது கடிச்சது?"

மதினி கண்ணைத் திறந்து டாக்டரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எந்த ஜென்மத்திலும் மறக்கமாட்டேன். நான் அவள் வீட்டில் திருடிவிட்டேன் என்பது போலப் பார்த்தாள்.

"வீட்டுலதான் டாக்டர். வெறகு எடுக்கையில."

"மதினி, நான் சொல்லிட்டேன். எல்லாத்தையும் சொல்லிட்டேன். நீயும் சொல்லிரு."

"இவ பயத்துல ஒளர்றா டாக்டர். நான் வேலைக்கே போகல. தலைவலி. படுத்திருந்தேன்." உதட்டோரம் ரத்தம் வடிய, நான் சொல்லிக்கொடுத்ததை ஒரு சொல் பிசகாமல் சொன்னாள்.

டாக்டர் என்னைத்தான் நம்பினாள். "பேஷன்ட் சொல்றதத்தான் கேஸ் ஷீட்ல எழுத முடியும். ஆனா அங்க நான் போன்ல சொல்லிடறேன்" என்று ஆம்புலன்ஸை வரவழைத்தாள். கிட்னி மெஷின் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு மணி நேரப் பாதை. ஓவியா முன்னால் உட்கார்ந்தாள். நான் மதினி பக்கத்தில்.

சின்னமனூர் தாண்டும்போது மதினி என் சேலையைப் பிடித்து இழுத்தாள். காதை அவள் வாயருகே கொண்டுபோனேன்.

"ஏன்டி சொன்ன?"

"நீ பொழைக்கணும் மதினி."

"பொழைச்சு? ஜீப்பு நின்னா என்னத்தப் பண்ண? எம்புள்ளயக் கூட்டிக்கிட்டு நானும் எங்கன போக? அவ அந்தச் சரத்துக்கு அடியில குனியக் கூடாதுன்னுதானடி நான் குனிஞ்சேன்." மூச்சு வாங்கினாள். "அங்கன கேட்டா நீ வாயத் தொறக்காத. நான் சொல்லிக்கிறேன்."

நான் சரி என்றேன். மனசுக்குள், நான் கேட்கமாட்டேன், நீ என்ன சொன்னாலும் நான் கத்திச் சொல்லுவேன் என்று நினைத்துக்கொண்டேன். அப்படியே செய்தேன். அங்கே பார்த்த டாக்டர், நர்ஸ், ஸ்டிரெச்சர் தள்ளுகிற ஆள் என்று எல்லோரிடமும் குழிவிரியன், ஏலத்தோட்டம், ஒன்றரைச் சாண் என்று சொல்லிக்கொண்டே ஓடினேன். அவர்களும் தலையாட்டிக்கொண்டு மெஷினில் போட்டார்கள். வியாழக்கிழமை ஒரு தடவை. சாயங்காலம் மதினிக்கு முகம் கொஞ்சம் தெளிந்தது, கஞ்சி கேட்டாள், இரண்டு கரண்டி குடித்தாள். பிழைத்துவிட்டாள் என்று ஓவியாவும் நானும் வராண்டாவில் உட்கார்ந்து ஒரு பரோட்டாவைப் பிய்த்துத் தின்றோம். வெள்ளிக்கிழமை காலையில் தலைக்குள் ரத்தம் கசிந்துவிட்டது என்றார்கள். ஒன்பதரைக்குப் போய்விட்டாள்.

பாம்புக்கடிச் சாவு என்றால் போலீஸ் எழுதாமல் பிணத்தைத் தரமாட்டார்கள். பிணவறைக்கு வெளியே வேப்பமரத்தடியில் ஏட்டு ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். ஓவியாவும் நானும் முன்னால் நின்றோம். ஈஸ்வரபாண்டி தள்ளி நின்று துண்டால் வாயைப் பொத்தி அழுதுகொண்டிருந்தார்.

"எங்கன வச்சுக் கடிச்சது?" என்றார் ஏட்டு.

நான் சொன்னேன். தோட்டத்தின் பெயர், சூப்பர்வைசரின் பெயர், மணி, செடி இருந்த இடம், நாங்கள் நிற்காமல் தாண்டி வந்த ஆஸ்பத்திரி, எல்லாம் சொன்னேன். எட்டு வருடத்தில் ஒரு போலீஸ்காரரிடமோ டாக்டரிடமோ அவ்வளவு நேரம் நான் உண்மை பேசியதில்லை. ஏட்டு எழுதுவதை நிறுத்திக் காகிதத்திலிருந்து பேனாவை எடுத்துவிட்டார்.

"கேரளாவா? அப்ப அங்கன உள்ள ஸ்டேஷனுக்கும் தகவல் போகணும். அவுக வரணும், பாக்கணும். பாடி இன்னைக்குக் கெடைக்கிறது கஷ்டம்." காகிதத்தைப் புரட்டினார். "அதுவுமில்லாம இங்கன கேஸ் ஷீட்ல வீடுன்னுல்ல இருக்கு? அந்தம்மாவே சொன்னதா இருக்கு."

"அவ பொய் சொன்னா. நான் சொல்லிக்கொடுத்த பொய்யி அது."

அவர் ஓவியாவைப் பார்த்தார். "நீ மகளாம்மா? நீ சொல்லு."

ஓவியா அழவில்லை. மூன்று நாளாக அழுத பிள்ளை அப்போது அழவில்லை. ஈஸ்வரபாண்டி நிற்கும் பக்கம் ஒரு தடவை பார்த்தாள்.

"வீட்டுலதான் சார் கடிச்சுச்சு. அம்மா அன்னைக்கு வேலைக்குப் போகல. அத்தைக்கு மூணு நாளாத் தூக்கமில்ல, என்னமோ சொல்லுறாக."

"ஏ புள்ள ஓவியா" என்று அவள் கையைப் பிடித்தேன். "உங்கம்மாவ அந்தத் தோட்டம் கொன்னுருச்சு. நான் கொன்னுட்டேன். அதையாவது எழுதட்டும்."

கையை உருவிக்கொள்ளவில்லை அவள். என் பக்கம் குனிந்து, ஏட்டுக்குக் கேட்காமல், மெதுவாகத்தான் சொன்னாள்.

"எழுதுனா ஜீப்பு நின்னுரும் அத்தை. திங்கக்கெழமையிலருந்து அம்மா எடத்துக்கு நான் வாரேன்னு ஈஸ்வரபாண்டி மாமாகிட்டச் சொல்லிட்டேன்."

அவள் கையை விட்டேன். ஓவியா சொன்னதை ஏட்டு எழுதி முடித்து, படித்துக் காட்டி, அவளிடம் கையெழுத்து வாங்கினார். சாட்சிக்கு இன்னொரு சொந்தக்காரர் கையெழுத்து வேண்டும் என்று பேனாவை நீட்டினார். வேறு யாரும் வரவில்லை. நான்தான் போட்டேன்.